ஜவ்வரிசி லோடும் மேட்டாங்காடும்

திங்கள், நாமகிரிப்பேட்டை பக்கம்

பெரியப்பா லாரி டிரைவர். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் விவசாயி என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கார்டிலும் விவசாயி, எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளிலும் விவசாயி. கொல்லிமலை தெரிகிற இடத்தில் மூன்று ஏக்கர் மேட்டாங்காடும் ஒரு கிணறும் இருந்தன. அதற்காக முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சேலத்துக்கும் பம்பாய்க்கும் ஸ்டீரிங் பிடித்தார். போன மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

காரியத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், பெரியப்பாவிடம் பதினாறு வயதில் கிளீனராகச் சேர்ந்தவர். இப்போது சொந்தமாகப் பன்னிரண்டு சக்கர வண்டி வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். "சிவராத்திரிக்கு முன்னாடி பம்பாய்ப் பக்கம் வாசி மார்க்கெட்டுக்கு ஜவ்வரிசி லோடு இருக்குது தம்பி. பெரியவர் ஓட்டின அதே ரூட்டு. வர்றீங்களா?" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வண்டி நிற்கிற இடத்தில் அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

லாரி நாளைக்குத்தான். இன்றைக்குப் பெரியம்மா காட்டில் கிழங்கு அறுவை. பாடப்புத்தகத்தில் மரவள்ளி என்று வரும். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்குதான். விடிவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் குச்சியை ஒரு முழம் விட்டு வெட்டுகிறார்கள். அப்புறம் அந்த முழக் குச்சியைப் பிடித்து அசைத்து, மண் இளகினதும் இடுப்பைக் கொடுத்து இழுத்தால் கொத்தாகக் கிழங்கு வெளியே வருகிறது. மண் இறுகியிருந்தால் கடப்பாரைதான். உடைந்து மண்ணுக்குள் நின்ற கிழங்கைப் பெரியம்மா விடுவதில்லை, களைக்கொத்தால் தோண்டி எடுத்துவிடுகிறாள். வெட்டின குச்சிகளில் நோயில்லாததாகப் பார்த்துக் கட்டி, வேப்பமர நிழலில் நிறுத்தி வைக்கிறாள். அடுத்த நடவுக்கு அதுதான் விதை.

பத்து மாதப் பயிர். பிடுங்கின பிறகு இரண்டு நாள் தாங்காது, உள்ளே நீலம் பாய்ந்து கருத்துவிடும். அதனால் அறுவை முடிந்த கையோடு டிராக்டர் ஜவ்வரிசி மில்லுக்கு ஓட வேண்டும். மில்லில் சாம்பிள் எடுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை போட்டு மாவுச்சத்து எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை. அறுவைக்கு முந்தின வாரம் மழை பெய்தால் கிழங்கு தண்ணீர் குடித்துப் பாயிண்ட் இறங்கிவிடும். பெரியப்பா ஹுப்ளியிலிருந்து எஸ்.டி.டி. பூத்தில் கூப்பிடும்போது முதலில் கேட்பது, "மழை கிழை பெஞ்சுதா?" இல்லை என்றால் நிம்மதியாவார். மழை வந்துவிடுமோ என்று பயப்படுகிற விவசாயியை அப்போது எனக்குப் புரியவே இல்லை.

இந்தக் கிழங்கு சேலம், நாமக்கல் பக்கம் ஆலைப் பயிரானதே ஒரு யுத்தத்தால்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து திரும்பியிருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து இங்கேயே கிழங்கிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் சேகோ மில். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். "பாயிண்டுக்கு ஏத்திக் குடுப்பாங்களா?" என்றாள்.

செவ்வாய், சேலம்

லோடு ஏற மத்தியானம் ஆனது. பெரியப்பா காலத்தில் 90 கிலோ மூட்டை. நூறு மூட்டை ஏற்றினால் 9 டன், ஆறு சக்கர வண்டிக்குக் கணக்காக இருக்கும். அண்ணனின் வண்டி அதுபோல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். ஏற்றின பிறகு தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவதை மட்டும் அவர் வேறு யாரிடமும் விடவில்லை. ஜவ்வரிசிக்குத் தண்ணீர்தான் எமன். ஓர் ஓட்டை வழியாக ஒழுகினால் ஒரு மூட்டை கஞ்சியாகிவிடும், கூடவே பக்கத்து மூட்டைகளும் கட்டிதட்டிப் போகும். கயிற்றை இழுத்து, கொக்கியில் சுற்றி, முழங்காலால் அமுக்கி முடிச்சுப் போடுகிறார். "இது பெரியவர் முடிச்சு. நூறு கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி ஒருக்கா இறுக்கணும். இல்லைன்னா சாப்பாடு கிடையாது எனக்கு."

சாயங்காலம் கிளம்பி, இருட்டுகிற நேரத்தில் தொப்பூர் ஏறினோம். வடக்கே போகிறவர்களுக்கு இது ஏற்றம், வண்டி திணறும், அவ்வளவுதான். பயமெல்லாம் திரும்பி வரும்போதுதான். தருமபுரியிலிருந்து இறங்குகிற சரிவில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன. பெரியப்பா இறக்கத்தில் நியூட்ரல் போட்டதே இல்லையாம். ஏறின கியரிலேயே இறங்கு என்பது அவர் சொல். அண்ணன் கிளீனராக இருந்த முதல் வருஷம், இந்த ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்துப் போய்ப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவதுதான் வேலை. "ஒருக்கா தூங்கிட்டேன். பெரியவர் அடிக்கலை. கட்டையை என் மடியில வெச்சு, ஓசூர் வரைக்கும் புடிச்சுக்கிட்டே வரச் சொன்னார்."

புதன், ஹிரியூர்

விடிகிற நேரத்தில் ஓசூர். ஜூஜுவாடியில் ஒரு காலத்தில் இரண்டு மாநிலச் செக்போஸ்ட் வரிசையில் பாதி நாள் போய்விடும் என்பார் பெரியப்பா. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். பாஸ்டேக் பார்த்ததும் கட்டை தூக்குகிறது. பெங்களூருக்குள் நுழையாமல் சுற்றி நெலமங்களா பிடித்து, தும்கூர், சீரா தாண்டி ராத்திரி ஹிரியூர் வந்து சேர்ந்தோம். ரோடு அருமை. அதனாலேயே எழுத ஒன்றுமில்லை. பழைய நேஷனல் ஹைவே நான்கு, இப்போது நம்பர் மாறி நாற்பத்தெட்டு. டிரைவர்கள் யாரும் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்கவில்லை, அவர்களுக்கு இது இன்னும் பூனா ரோடுதான்.

நிறுத்தியிருக்கிற தாபாவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கை அண்ணன் காட்டினார். 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் கலவரம், தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ. பெரியப்பா அப்போது பம்பாயிலிருந்து ரிட்டன் லோடோடு வந்துகொண்டிருந்தார். இந்தப் பங்கு முதலாளி கன்னடக்காரர். பழக்கமான முகம் என்பதால் வண்டியைப் பின்பக்கம் விடச் சொல்லி, நம்பர் பிளேட்டில் இருந்த டி.என். எழுத்துமேல் தானே சேற்றை எடுத்துப் பூசினாராம். ஒரு வாரம் அங்கேதான் கிடை. பெரியப்பா சும்மா இருக்கிற ஆள் இல்லையே. பங்குக்குப் பின்னால் முதலாளிக்கு இருந்த துவரங்காட்டில் இறங்கி அறுவைக்கு ஒத்தாசை செய்திருக்கிறார். நிலைமை அடங்கிக் கிளம்பும்போது அவர்கள் ஒரு மரக்கால் துவரை கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டுக்கும் வந்தது, எனக்கு நினைவிருக்கிறது. கலவரத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் துவரை சீக்கிரம் வேகும் என்பதைத்தான் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வியாழன், பெலகாவி தாண்டி

இன்று பேச்செல்லாம் மண்ணைப் பற்றித்தான். சித்ரதுர்கா கடந்து தாவணகெரே, ஹாவேரி என்று போகப் போக மண் கறுக்கிறது. கேபின் உயரத்தில் உட்கார்ந்தால் காடு காடாகத் தெரிகிறது. மக்காச்சோளத் தட்டு, பருத்தி, அறுத்த வெள்ளைச்சோளம். பெரியப்பா ஓட்டும்போது கிளீனருக்கு ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாராம், இதைப் பற்றித்தான் சொல்வாராம். இந்தச் சோளத்துக்கு மழையே வேண்டாம், கரிசல் மண்ணில் நிற்கிற ஈரத்திலேயே வந்துவிடும் என்று. எங்கள் செம்மண்ணில் அது நடக்காது என்று ஒரு பெருமூச்சும் சேர்ந்து வருமாம்.

ஹாவேரி மாவட்டத்தில்தான் பேடகி. மிளகாய்க்குப் பெயர்போன சந்தை. இது சீசன், ரோட்டோரக் களங்களில் சிவப்பாகக் காய்கிறது. தோல் சுருங்கிச் சுருங்கி, நிறம் அப்படியே ரத்தம், காரம் கொஞ்சம்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது பெரியப்பா இங்கிருந்து ஒரு பை வற்றல் கொண்டுவந்து, விதையைத் தட்டி எடுத்து, கிணற்றோரம் நாற்று விட்டார். செடி நன்றாக வந்தது, காயும் பிடித்தது. பெரியம்மா அதை அரைத்துக் குழம்பு வைத்து, "கலரு காட்டுது, சுருக்குனு இல்லையே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மறு வருஷம் அந்த இடத்தில் பழையபடி சம்பா மிளகாய். அவர் அடங்கவில்லை. ஹுப்ளியிலிருந்து சோள விதை, பெல்காமிலிருந்து எருமைக்குக் கழுத்து மணி, கோலாப்பூரிலிருந்து பெரியம்மாவுக்குத் தோல் செருப்பு. எருமை மணியைப் போட்டுக்கொண்டது. செருப்பு இன்னும் பரணில் இருக்கிறது, தோல் விறைத்து.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஊர் அவரை விவசாயி என்றது, அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் மாதத்தில் நாலைந்து நாள்தான் ஊரில் இருப்பார். மிச்ச நாளெல்லாம் தண்ணி கட்டியது, களை வெட்டியது, ஆளுக்கு அலைந்தது, மில்லில் நின்று பாயிண்டுக்குச் சண்டை போட்டது பெரியம்மா. அவர் வந்து இறங்கினால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஒரு சுற்று சுற்றி, அங்கே இப்படிப் பண்ணு, இங்கே அதை நடு என்பார். பெரியம்மா சரி சரி என்பாள். அவர் வண்டி ஏறின பிறகு தனக்குத் தெரிந்ததைச் செய்வாள். இரண்டு பேருக்கும் இது தெரியும்.

அவர் காட்டுக்குச் செய்தது பணம். லாரி ஓடின காசெல்லாம் மண்ணுக்குள் போனது, சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மண்ணுக்குள். கிணறு வற்றினதும் போர்வெல் போட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கின்றன. எங்கள் காட்டில் முதல் போர் அறுநூறு அடி, தண்ணீர் இல்லை, வெறும் புகை. இரண்டாவது எண்ணூறு அடி, அதுவும் புகை. மூன்றாவதில் முக்கால் இஞ்சு தண்ணீர், இரண்டு வருஷம் வந்தது. அடிக்கு இவ்வளவு என்று ரிக்காரன் கணக்குப் போடும்போது, இவர் மனதுக்குள் அதை டிரிப் கணக்காக மாற்றிக்கொள்வாராம்: நூறு அடிக்கு ஒரு பம்பாய். சொந்தமாக ஒரு பழைய லாரியை பைனான்ஸில் எடுத்ததும், டியூ கட்ட முடியாமல் அதை விட்டதும், கடைசியில் அடுத்தவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனதும் இந்தப் போர்க்குழிகளுக்கு நடுவில்தான். காட்டை மட்டும் அவர் விற்கவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது புத்திசாலித்தனமான முடிவு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பணத்தை பேங்கில் போட்டிருந்தால் பெரியம்மா இந்த வயதில் களைக்கொத்து பிடிக்க வேண்டியதில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "காடு இல்லைன்னா அவர் ஊருக்கு எதுக்குத் தம்பி திரும்பி வந்திருப்பார்?" என்றார்.

வெள்ளி, நிப்பாணி

கர்நாடகத்தின் கடைசி ஊர்களில் ஒன்று. பேச்சு மராத்தி, பயிர் பீடிப் புகையிலை. காலை ஏழு மணிக்கு டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணன் என்னை ரோட்டின் மறுபக்கம் கூட்டிப்போய், "இங்க எங்கியோதான்" என்றார். அவர் அப்போது பிறக்கவே இல்லை. கேட்ட கதைதான், ஆனால் இந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் கேட்டிருக்கிறார்.

1981. பெரியப்பாவுக்கு 24 வயது, கிளீனர் சீட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புகையிலை விவசாயிகள் நிப்பாணியில் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை அமுக்குகிறார்கள், கட்டுப்படியாகிற விலை வேண்டும் என்பது கோரிக்கை. தலைமை மகாராஷ்டிர விவசாயிகள் தலைவர் ஷரத் ஜோஷி. மார்ச் மாதம் ஆரம்பித்த மறியல், நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் நடந்தது. இரண்டு பக்கமும் லாரிகள். பெரியப்பா வண்டியில் ஜவ்வரிசி, கெட்டுப்போகாது. பின்னால் நின்ற வண்டியில் வாழைக்காய், அந்த டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம்.

முதல் நாள் எல்லா டிரைவர்களையும் போலப் பெரியப்பாவும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். இரண்டாம் நாள் பசி. மறியலில் இருந்த பெண்கள் சோள ரொட்டியும், பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த துவையலும் லாரிக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். பாஷை தெரியாது. ஒரு கிழவர் கையில் புகையிலை இலையை வைத்து விரலால் காட்டிக் காட்டி விளக்கியிருக்கிறார்: வியாபாரி வருவான், இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பான், இது மூன்றாந்தரம் என்பான், அவன் சொன்னதுதான் விலை. பெரியப்பாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. வண்டியில் ஏறி ஒரு மூட்டையின் வாயில் குச்சி விட்டு ஒரு பிடி ஜவ்வரிசி எடுத்து வந்து கிழவர் உள்ளங்கையில் கொட்டி, தண்ணீருக்குள் கிழங்கை முக்கி எடை போடுவதை நடித்துக் காட்டியிருக்கிறார். கிழவர் சிரித்துவிட்டாராம்.

அப்புறம் போலீஸ் சில வண்டிகளைச் சுற்றுவழியில் அனுப்பியது. இவரும் போய்விட்டார். ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் செத்தார்கள் என்பது பம்பாயில் லோடு இறக்கும்போதுதான் தெரிந்தது. அந்தக் கிழவருக்கு என்ன ஆனது என்று தெரியாது. திரும்பி வரும்போது நிறுத்திக் கேட்டுப் பார்த்திருக்கிறார். பெயரே தெரியாமல் யாரைக் கேட்பது?

அண்ணன் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான். பிற்காலத்தில் எங்கே மறியல் என்றாலும், மற்ற டிரைவர்கள் ஆரனை அமுக்கிக்கொண்டு கத்தும்போது, பெரியப்பா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவார். விவசாயிகள் என்றால் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்கச் சொல்வார். கட்சிக்காரர்கள் என்றால் அவரும் வந்து ஆரன் அடிப்பார்.

டீக்கு அப்புறம் மகாராஷ்டிரம். காகல், கோலாப்பூர், கராட் வரைக்கும் கரும்புதான். ஆலை அரவை நடக்கிற மாதம் என்பதால் இரட்டை டிரெய்லர் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு, பின்னால் விளக்கும் இல்லாமல் போகின்றன. லாரிக்காரர்கள் இவற்றுக்குத்தான் பயப்படுகிறார்கள். சத்தாரா தாண்டி கம்பாட்கியில் போகும்போது சுரங்கம், வரும்போது காட், அதாவது மலைப்பாதை. சுரங்கம் விட்டு வெளியே வந்ததும் இறக்கத்தில் ஒரு வளைவு, அண்ணன் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டார். ராத்திரி கேட் சிவாப்பூரில் ஹால்ட்.

சனி, வாசி

எக்ஸ்பிரஸ் வேயில் கண்டாலா இறங்கி மத்தியானத்துக்குள் வந்துவிட்டோம். முன்பெல்லாம் மஸ்ஜித் பந்தர் வரை நகரத்துக்குள் போக வேண்டும், பகலில் விடமாட்டார்கள். தானிய மார்க்கெட்டை 90-களில் இங்கே நவிமும்பைக்கு மாற்றிவிட்டார்கள்.

இறக்குவது மாத்தாடித் தொழிலாளர்கள். 1969-லேயே இவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. மூட்டை கைமாறுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைக்காரர் ஒரு மூட்டையில் குச்சி விட்டுக் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வெள்ளை போதாது என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அது மில்காரருக்கும் கடைக்காரருக்கும் உள்ள பேச்சு. மூட்டை நனையாமல் வந்ததா, எண்ணிக்கை சரியா, அதோடு டிரைவர் கணக்கு முடிகிறது. ஆனால் பெரியப்பாவுக்கு அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க முடிந்ததில்லையாம். தன் காட்டுக் கிழங்கும் இதில் இருக்கலாமே. "என்ன விலைக்கு விக்கறீங்க?" என்று அரைகுறை இந்தியில் கேட்டுக்கொண்டு வந்து, நாலைந்து கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ ஜவ்வரிசி என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, ஊருக்கு வந்து பெரியம்மாவிடம் சொல்லுவார். பெரியம்மா அதை அடுத்த முறை மில்லில் போய்ச் சொல்லுவாள். மில்லில் யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மார்க்கெட் வாசலில் சாபுதானா கிச்சடி சாப்பிட்டேன். ஊறின ஜவ்வரிசி, வேர்க்கடலைத் தூள், உருளைக்கிழங்கு, சீரகம். விரதச் சாப்பாடு என்கிறார்கள், நெய்யைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நன்றாகவே இருந்தது. பெரியப்பா இதைத் தொட்டதே இல்லை, பாயசம் தவிர எதிலும் ஜவ்வரிசி போடுவது அவருக்குப் பிடிக்காது.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை கிழங்குக்கு 27 பாயிண்ட் வந்ததாம், தரகரோடு சண்டை போட்டு 28 போட வைத்திருக்கிறாள். காட்டைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்களாம். "மாவுப்பூச்சி வந்த வருசம் ஒருத்தனும் எட்டிப் பாக்கலை, இப்ப வர்றானுங்க" என்றாள். கொடுப்பாளா மாட்டாளா என்று சொல்லவில்லை. குச்சிக்கு மேல் சாக்கு போட்டு மூடச் சொல்லி யாரையோ அதட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணனுக்கு பிம்பல்காவிலிருந்து சேலம் லீ பஜாருக்கு வெங்காய லோடு பேச்சு நடக்கிறது. டன்னுக்கு இன்னும் இருநூறு ஏற்றிக் கேட்கிறார், புக்கிங் ஆபீஸ்காரர் நூறில் நிற்கிறார். படிந்தால் நானும் நாசிக் வரை போகிறேன், இல்லையென்றால் நாளைக்கு ரயில்.